இரண்டு குரோமியத்துக்கு நடுவே

நவம்பர் 4, 2024
ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. உலோகத்தைச் சுற்றிப் பருமனான லிகண்ட் மூலக்கூறுகளை மாட்டினால், வேறெதுவும் நுழைய இடமில்லாமல் இரண்டு குரோமிய அணுக்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். போன வருஷக் கட்டுரையும் இதுதான், எனக்கு வரப்போகும் டாக்டர் பட்டமும் இதுதான்.

நவம்பர் 7
காந்த அளவீடு ஒத்துவரவில்லை. நேரடிப் பிணைப்பு இருந்தால் இவ்வளவு காந்தம் மிஞ்சாது. "காத்து பட்டிருக்கும்" என்றாள் லேபில் கூட இருக்கும் சுஷ்மா. பட்டிருக்கட்டும், சாமி.

நவம்பர் 12
புது மாதிரியிலும் அதே காந்தம். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் எடை இரண்டு கூடுதல். இரண்டு ஹைட்ரஜன்! நடுவில் உட்கார்ந்து இரண்டு குரோமியத்தையும் சேர்த்துக் கட்டியிருப்பவை அவைதான். உலோகங்கள் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவே. கனமான உலோகத்தின் அருகே ஹைட்ரஜன் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்று எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். லிகண்ட் இடம் விடாதாம்! ஹைட்ரஜனுக்கு எவ்வளவு இடம் வேணும்? அய்யோ, எப்படிடி கோட்டைவிட்ட?

நவம்பர் 13
வழிகாட்டி கிருஷ்ணபிரசாத் சாரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதை தீசிஸ்ல வைக்க வேண்டாம்மா. யாரும் கேக்கப்போறதில்ல. ஜல்தி சப்மிட் பண்ணு."
எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 17
கோல் மார்க்கெட் வீட்டில் படுத்தே கிடந்தேன். அம்மா தட்டோடு வந்து நின்றாள். "ஏட்டி, கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கா இப்படிச் சாப்பிடாம கெடக்க?"
ஆமாம்மா.

நவம்பர் 21
கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். சார் கத்தவில்லை. "வேற கைடு பாத்துக்கோ" என்றார்.

நவம்பர் 25
வேறு எந்த வழிகாட்டியும் என்னை எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

ஜூலை 16, 2025
துவாரகாவில் பள்ளிக்கூட வேலை. பதினொன்றாம் வகுப்பு. பழகிவிட்டது என்று எழுத வந்தேன், இல்லை.
சாரின் புதுக் கட்டுரை வந்திருக்கிறது. முதல் பெயர் சுஷ்மா. படத்தில் இரண்டு ஹைட்ரஜனும் சரியான இடத்தில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில், பயனுள்ள உரையாடல்களுக்காக மதுமதிக்கு நன்றி.
அம்மா எட்டிப் பார்த்தாள். "உம் பேரு போட்டிருக்கே! பேப்பர் வந்துட்டாட்டி?"
வந்துவிட்டது என்றேன்.