மின்சாரக் காருக்கு மெழுகுதிரி

காரைக்குடி,
21-1-1976

அன்பு மகள் செபஸ்தியம்மாளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் நீ இருக்கிற லட்சணத்தை உன் போன கடிதத்திலேயே படித்துவிட்டதால் அந்த வரிக்குக் கை வரவில்லை. நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். தந்தி என்றதும் பயந்திருப்பாய், பயப்படட்டும் என்றுதான் கொடுத்தேன். கார் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றாதே, கதவைத் திற என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினால், தபாலாபீஸில் இருக்கிற மனிதர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சார், காலம் கெட்டுக் கிடக்கு, இதுல வேற ஏதும் அர்த்தம் இல்லையில்ல என்று கேட்கிறார். எமர்ஜென்சி வந்தாலும் வந்தது, மெழுகுதிரிகூட அரசாங்கத்துக்கு விரோதமாகிவிட்டது. ஒன்றும் இல்லை ஐயா, பாட்டரி வெடிக்கும், அதற்குத்தான் என்றேன். வெடிக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் போஸ்ட்மாஸ்டரையே கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் பாடம் நடத்திவிட்டுத்தான் ரசீது வாங்க முடிந்தது.

இப்போது உனக்குப் பாடம். கிழவன் பேச்சு என்று ஒதுக்கிவிடாதே, எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், உன்னை ரயிலேற்றிவிட வந்தபோதுகூட அண்ணனா என்றுதான் கேட்டார்கள். டிப்ளமா முடித்த நாளிலிருந்து பஸ் கம்பெனி ஷெட்டில் பாட்டரிகளோடு மாரடித்து, ஆசிட் பட்டுப் பொத்தல் விழாத சட்டை ஒன்றுகூட இல்லாதவன் சொல்கிறேன். அங்கே சீமையில் யாரோ ரிட்டயரான வாத்தியார் தன் கொட்டகையில் தானே செய்த மின்சாரக் கார், பத்து வருஷம் ஓடியது, மலிவாகக் கிடைத்தது, சத்தமே இல்லை என்று பூரித்து எழுதியிருக்கிறாய். மாட்டு வண்டியிலும்தான் இன்ஜின் சத்தம் இல்லை. ஈயப் பாட்டரி குளிரில் பாதி பலம்தான் கொடுக்கும், அதுவும் கிழட்டுப் பாட்டரி என்றால் அந்தப் பாதியும் கிடையாது. இது தெரியாமல் ஒருவன் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டயரும் ஆகியிருக்கிறான். அதனால்தான் திரும்பி வரும்போது கடைசி மேட்டில் நீ இறங்கித் தள்ளுகிறாய். ஹீட்டர் போட்டால் வண்டி நின்றுவிடும் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டே ஓட்டுகிறாயாம். அதற்குப் பெயர் கார் இல்லை, சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி. காலை டியூட்டிக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது, நாலு மைல் இருட்டு, அதனால்தான் வாங்கினேன் என்கிறாய். அது நியாயம்தான். வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் அதைவிட நியாயம்.

உன் மாமன் சூசைமரியானுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. தேவகோட்டையில் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டுகிற குமாஸ்தாவுக்குக் கரண்டு என்றால் பல்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டு, எங்க செபஸ்தி சீமையில கரண்டுக் கார் ஓட்டுதுல்ல, சுவத்துல சொருகிட்டுத் தூங்கினா விடிய வண்டி ரெடி என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் அளக்கிறார். அதோடு விட்டாரா, என்னிடமே வந்து, மச்சான், ஒங்க ஷெட்டுல அம்புட்டுப் பாட்டரி சும்மாத்தான கெடக்கு, நீங்களும் ஒரு கார் செஞ்சா என்ன என்கிறார். செய்யலாம், தள்ளுறதுக்கு நீங்க தினம் தேவகோட்டையிலேருந்து வருவீகளா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

கார் ஓடுவதும் நிற்பதும் போகட்டும். கடிதத்தின் கடைசியில் ஏதோ பக்தி சமாச்சாரம் போலச் சாவதானமாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் தபாலாபீஸுக்கு ஓடினேன். குளிர் உள்ளே வராமல் நீ வண்டி நிறுத்துகிற கொட்டகையின் கதவு இடுக்கெல்லாம் துணி அடைத்து, பாட்டரியைச் சார்ஜில் போட்டு, மேலே பலகையில் அந்தோனியார் படத்தை வைத்து, அம்மா பார்சலில் அனுப்பின மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி, வண்டி காலையில் கிளம்ப வேண்டும் என்று ஜெபமாலை சொல்கிறாயாம். சார்ஜ் ஏறுகிற பாட்டரி ஹைட்ரஜன் விடும். அது காற்றைவிட லேசு, மேலேதான் போகும், போக வழி இல்லாவிட்டால் கூரைக்கடியில் தங்கும். சரியாக அந்த இடம் பார்த்து நெருப்பு வைத்திருக்கிறாய். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைக்கிறவனை நர்ஸாகிய நீ என்ன சொல்லித் திட்டுவாய்? அந்தத் திட்டையெல்லாம் கண்ணாடி முன் நின்று உனக்கே சொல்லிக்கொள். எங்கள் ஷெட்டில் செம்மலை என்று ஒரு டிரைவர், பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்தான். கண் தப்பியது, புருவம் இன்றைக்கும் முளைக்கவில்லை.

உன் அம்மாவிடம் சொன்னால், ஏங்க, சாமியாரு மந்திரிச்சுக் குடுத்த திரி, அது எப்படிங்க வெடிக்கும் என்கிறாள். திரியை மந்திரித்தார் சரி, ஹைட்ரஜன் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, ஒங்களுக்காச்சும் பாட்டரி தெரியும், அம்புட்டுத் தூரத்துல கெடக்குற புள்ளைக்கு நான் வேற என்னத்தத்தான் செய்ய, சொல்லுங்க பாப்போம் என்றாள். அவள் கேட்டது நியாயம்தான், ஆனால் அதற்காக ஹைட்ரஜன் பற்றாமல் இருந்துவிடாது.

ஆகவே கேள். சார்ஜ் போட்டால் கதவு திறந்திருக்க வேண்டும், குளிர் வந்தால் வரட்டும். கம்பளியைப் பாட்டரிப் பெட்டியின் பக்கங்களில் சுற்று, மேலே மூடாதே. வண்டி வந்து நின்றதும் பாட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடு, சாப்பிட்டுவிட்டு வந்து போடலாம் என்று இருக்காதே. டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றாதே, அதையும் சார்ஜ் முடிகிற நேரத்தில் ஊற்று, இல்லாவிட்டால் கலக்காமல் மேலேயே நின்று உறையும். சார்ஜர் கிளிப்பை எடுக்குமுன் சுவிட்சை அணை. ஜெபத்தை வீட்டுக்குள் சொல், அந்தோனியாருக்கு அங்கிருந்தும் காது கேட்கும். மண்ணெண்ணெய் அடுப்பை அந்தக் கொட்டகைக்குள் கொண்டு போனால்

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டி வந்தது. வாசலில் தந்தி என்று குரல். நம் தெருவில் தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். சைக்கிளைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு தலையை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது, பின்னாலேயே பாதித் தெரு. உன் அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், பிரிக்காதீக, பிரிக்காதீக என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். உறையைக் கிழிக்கிறேன் என்று தந்தியையே பாதி கிழித்துவிட்டேன். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து வாசித்தேன். மெழுகுதிரி இல்லை, கதவு திறந்திருக்கிறது, கார் உறைந்துவிட்டது, நடந்து போகிறேன். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மாக்கண்ணு, அண்ணே, ஒறைஞ்சது காரா புள்ளையா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்று அலறியது. கார்தான், கார்தான் என்று நான் போட்ட சத்தத்தில் சைக்கிள்காரர் கையெழுத்து வாங்காமலே நகரப் பார்த்தார். அழ வந்த கூட்டத்துக்கெல்லாம் உன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சார்ஜ் நிறைந்த பாட்டரி அந்தக் குளிருக்கு உறையாது. ஆகவே நீ தந்தியைப் பார்த்த பயத்தில் சார்ஜ் ஏறுவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாய். கதவைத் திற என்றுதான் சொன்னேன், பிளக்கைப் பிடுங்கு என்று சொன்னேனா? இருந்தாலும் நான் சொன்னதற்கு மேலேயே கேட்டிருக்கிறாய், பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தரம். உறைந்ததைச் சார்ஜில் போடாதே, அதுவும் வெடிக்கும். பெட்டி விரிந்திருந்தால் எல்லாவற்றையும் அந்த வாத்தியார் வீட்டு வாசலில் கொண்டு போய்ப் போட்டுவிடு. கார் தொலைந்தது நல்லதுதான்.

ஆனால் நாலு மைல் நடக்கிறேன் என்கிறாய். இருட்டில், தனியாக. குளிர் முடிகிற வரையில் ஆஸ்பத்திரியிலேயே தங்க இடம் கொடுக்கச் சொல்லி மேட்ரனிடம் கேள், வெட்கப்படாதே. கிடைக்கிற வரையில் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பு, அவசரப்பட்டு நடக்காதே. பாட்டரி என்றால் பக்கம் பக்கமாக எழுதுவேன். பனியில் எப்படிக் கால் வைத்து நடக்க வேண்டும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆண்டவர் உன் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள் அம்மா, இந்தத் தாளின் மேல் விரலால் போட்டும்விட்டாள், மை கலைந்திருப்பது அதனால்தான். இடம் கிடைத்ததும் எழுது. தந்தி கொடுக்காதே.

உன் அப்பா,
ஆ. மரியப்பன்