வெறுந்தாளில் அம்மாவின் கையெழுத்து

3, செவ்வாய்

விடியும்போதே மழை. கடைக்கு சிமெந்து லொறி. நானும் கூட வேலை செய்யும் சிங்களப் பையன் நிமலும்தான் இறக்கினோம். முதுகு விட்டுப்போயிற்று.

புதிய அரசியலமைப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் குழு அடுத்த செவ்வாய் மாத்தளைக்கு வருகிறது, நாங்களும் மனுக் கொடுக்கிறோம் என்றேன். நிமல் சிரித்தான். "சமஷ்டி கேக்கப் போறியா மச்சான்? நாட்டத் துண்டு போடவா?"

அவன் ஊர் பல்லேகம. பழைய வீடு இப்போது நீர்த்தேக்கத்துக்கு அடியில். பதிலுக்குக் காணி கொடுத்தார்கள், உறுதிப் பத்திரம் அவன் அப்பா பெயரில். "ஒன் உறுதியத் துண்டு போட மாட்டேன், பயப்படாத" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. தின்றுகொண்டிருந்த பணிஸில் பாதியைப் பிய்த்துத் தந்தான்.

எங்களுக்கு: தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு காம்பரா. நான்கு தலைமுறை. உறுதி இல்லை. ஒழுகும் தகரத்தை மாற்றவும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி.

4, புதன்

மாலை பிள்ளைக் காம்பராவில் கூட்டம். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வது சுமதி. மனு எழுதுவதும் அவள்தான். ஆறு பேர் வந்தோம். பேசியது நானும் அவளும்.

சுமதி: "சமஷ்டின்னு நேராவே எழுதுவோம். மாகாணமெல்லாம் சேந்து ஒரு நாடு. இதுல என்ன பயம்?"

"எந்த மாகாணம் நம்மளுது? அதிகாரம் யாழ்ப்பாணம் போனா அங்க உள்ளவங்க ஆளுவாங்க. இங்க வந்தா கண்டியில உள்ளவங்க ஆளுவாங்க. துரை துரையாத்தான் இருப்பாரு."

"அப்ப ஒத்தையாட்சியே போதும்ங்கிற?"

"கொழும்பு இத்தன வருசமா என்னத்தக் கிழிச்சிச்சு?"

"சரி, நீ என்னதான் சொல்ற?"

அது எனக்கே தெரியாது. அதனால் சத்தம் போட்டேன். அவள் குழந்தைகளின் பாய்களைச் சுருட்டினாள். ஒரு வரிகூட எழுதாமல் கலைந்தோம்.

5, வியாழன்

சனிக்கிழமைக்குள் மனு தயாராக வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கிடைப்பது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மட்டும். ஆகவே கையெழுத்தை இன்றே வாங்குவோம், வாசகத்தைப் பிறகு எழுதிக்கொள்வோம். என் யோசனை.

சுமதி: "தலைவரு வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குறாருன்னு போன மாசம் கத்துனது யாரு?"

நான்: "நான் தலைவர் இல்ல."

தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். சம்பளமோ லீவோ, எதற்கும் வெறுந்தாளில்தான் வாங்குவார். எங்கள் ஆட்களுக்கு அது பழகிப்போன காரியம்.

முதல் ஆள் அம்மா. "என்னத்துக்குடா?"

"காணி உறுதிக்கு."

"காணிக்குன்னா ரெண்டு போடவா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஞானம்மா என்று நிறுத்தி நிறுத்தி எழுதினாள், கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே. மூன்று தாள் நிறைந்தது. சில இடங்களில் கொழுந்துக் கறையோடு கைநாட்டு. யாரும் மேலே என்ன வரும் என்று கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

7, சனி

ஒருவழியாக ஒத்துப்போனோம். சுமதியின் எழுத்தில்: "நாடு ஒற்றையாட்சியாக இருந்தாலும் மாகாணங்களின் ஒன்றியமாக இருந்தாலும், தோட்டத்தில் குடியிருப்பவரின் வீடும் நிலமும் அவர் பெயரில் இருக்க வேண்டும். மத்தியோ மாகாணமோ அதைப் பறிக்க முடியாது என்று அரசியலமைப்பிலேயே எழுத வேண்டும்."

நல்ல வாக்கியம். அவளிடம் சொல்லவில்லை.

சிங்களப் பிரதியும் வேண்டுமாம். எங்களுக்குப் பேச வரும், மனு எழுதுகிற அளவுக்கு வராது. தலைவர் தானே வந்து கேட்டார். "டவுன் ஆபீஸ்ல டைப் பண்ணிருவோம் தம்பி. குடுங்க." மனுவை மேலே வைத்து மூன்று தாளையும் கொடுத்தேன்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

10, செவ்வாய்

மண்டபம் நிறைய ஆள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஒற்றையாட்சியை விட்டால் நாடே இல்லை என்றார். கைதட்டல். ஒரு பையன் சமஷ்டி என்று தொடங்கியதும் கூச்சல். ஆனாலும் முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

பிறகு எங்கள் தலைவர். சிங்களத்தில் வாசித்தார். தோட்ட மக்கள் ஒற்றையாட்சியையே விரும்புகிறார்களாம். காணி, வீட்டுப் பிரச்சினைகளைச் சங்கம் அரசாங்கத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ளுமாம். அரசியலமைப்பில் அவர்களுக்கென்று தனியாக எதுவும் தேவையில்லையாம். பெரிய கைதட்டல்.

சுமதி எழுந்து, "அது நாங்க எழுதினதில்ல" என்று சிங்களத்தில் கத்தினாள். குழுவில் இருந்த அம்மையார் தாள்களைத் திருப்பிக் காட்டினார். மரியாதையாகத்தான் கேட்டார்: "இது உங்கள் மக்களின் கையெழுத்து இல்லையா?"

முதலாவது ஞானம்மா. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே.

சுமதி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, வெறுந்தாளில் வாங்கியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால், எங்கள் ஆட்கள் வெறுந்தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று ஆகிவிடும். எழவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து மூலம் வெள்ளி வரை மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். சுமதி வேறு பஸ்ஸில் போனாள்.

11, புதன்

தலைவரைப் பிடித்தேன். உரத்துச் சண்டை போடத்தான் போனேன்.

"வெறுந்தாள்ல கையெழுத்து வாங்குனது நானா தம்பி?" சிரித்துக்கொண்டே கேட்டார். "நீங்க சமஷ்டி அது இதுன்னு எழுதி, நாளைக்கு அடி வாங்குறது லயத்து சனங்கதானே? நான் காப்பாத்துனேன்."

எங்கள் வாசகத்தில் சமஷ்டி என்ற சொல்லே இல்லை. அவர் வாசித்தே பார்க்கவில்லை. மேலே இருந்த ஒற்றைத் தாளைக் கழற்றி எறிந்திருக்கிறார்.

சுமதி இன்னொரு பிரதி எழுதி வைத்திருந்தாள். நீட்டினாள். லயம் லயமாகப் போனேன். நடந்தது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"போன கிழம போட்டது என்னாச்சு?"

"ஒன்னவிடத் தலைவரு பரவால்ல, அவரு எப்பிடின்னாவது தெரியும்."

ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் அம்மா. முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு முறை என்றாள். வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா அந்தப் புள்ள."

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"மொதல்ல போயி, அவங்ககிட்ட இருக்கிறது எம் பேச்சு இல்லன்னு சொல்லிட்டு வா. எப்பிடி வந்துச்சுன்னும் சொல்லு. அப்பறமாப் போடுறேன்."

13, வெள்ளி

கடைக்கு லீவு சொல்லியாயிற்று. காலைப் பஸ். நசநசவென்று தூறல்.

இரண்டு தாள். ஒன்றில் சுமதியின் வாக்கியம். மற்றதில் நேற்று முழுக்க எழுதி அடித்து எழுதியது: "அந்த மூன்று தாள்களும் வெறுமையாக இருந்தபோது கையெழுத்து வாங்கியவன் நான். கையெழுத்திட்டவர்கள் அந்த வாசகத்தைக் கண்டதில்லை." கீழே என் பெயர், அடையாள அட்டை இலக்கம். வேறு யாருடையதும் இல்லை.

கச்சேரியில் வரிசை. கிளாக்கர் தோட்டத்தின் பெயரைப் பார்த்தார், கையெழுத்து எங்கே என்று தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒங்க தோட்டத்துல இருந்துதான் ஏற்கெனவே ஒன்னு வந்திருக்கே தம்பி. நெறையப் பேரு போட்டிருக்காங்க. இதுல ஒரு ஆள்தானே?"

"ஆமாங்க" என்றேன். "அதப் பத்தித்தான்."