நாலாவது துண்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், முழங்கால்தான் மழையை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. போனில் பேசினால் நீ அவசரத்தில் இருப்பாய், எனக்கும் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். நம் ஊர் நூலகத்தை மூடிவிட்டார்கள். அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். அவர் போன அதே வருடத்தில் இதுவும் போயிற்று.

உனக்குத் தெரிந்தது அந்த மஞ்சள் கட்டடம்தான். அதற்கு முன் நூலகம் என்பது சலூன்காரர் கடையின் பின்னறையில் ஒரே ஒரு அலமாரி. முடிவெட்டக் காத்திருப்பவர்கள் வெட்டிப்பேச்சு பேசிச் சண்டை போடுகிறார்கள் என்று அவர்தான் ஆரம்பித்தார், அப்பாவும் ஆபீஸ் நண்பர்களும் புத்தகம் சேர்த்துக் கொடுத்தார்கள். புத்தகம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். ஒரு நாவலை ஒருத்தர் எடுத்துப் போனால் மற்றவர்கள் மாதக்கணக்கில் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும். சலூன்காரர் பார்த்தார், சவரக்கத்தியை எடுத்துத் தடிதடியான நாவல்களை நாலு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டுத் தைத்துவிட்டார். நாலு பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம் அல்லவா! ஆனால் யாருக்கு எந்தத் துண்டு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கல்யாணத்தை முதலில் படித்துவிட்டுக் காதலைப் பிறகு படித்தவர்கள் உண்டு. செத்துப்போனவன் அடுத்த வாரம் உயிரோடு வந்து நிற்பான். பிறகு கட்டடம் வந்தது, முழுப் புத்தகங்கள் வந்தன, ஆனாலும் பழைய ஆட்கள் நாங்கள் துண்டுகளைத்தான் தேடிப் போவோம்.

நீ வயிற்றில் இருந்தபோது ஒரு படகுக்காரியின் கதையைப் படித்தேன். மூன்றாவது துண்டின் கடைசியில் அவள் மகன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான், அவள் துறையில் நிற்கிறாள். நாலாவதைக் காணோம், எடுத்துப் போன யாரோ திருப்பித் தரவில்லை. நான் அழாத குறை. அப்பா முன்பே படித்தவர், என்னை உட்காரவைத்து மிச்சத்தைச் சொன்னார். மகன் வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, எங்கே போகணும் என்று கேட்கிறாள், பாதி ஆற்றில் அவன் அம்மா என்கிறான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தூங்கவைக்க உனக்கும் இதைத்தான் சொல்வார், அந்த இடத்தில் நீயும் சேர்ந்து அம்மா என்று கத்துவாய்.

போன வாரம் கட்டடத்தைக் காலி செய்தார்கள். முழுப் புத்தகங்களைப் பெரிய நூலகத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டு, துண்டுகளை எடைக்குப் போடச் சொன்னார் அதிகாரி. சலூன்காரருக்கு இப்போது கை நடுங்குகிறது. அப்படியும், நான் அறுத்ததை நானே தைச்சிடறேன், கொஞ்சம் பொறுங்க சார் என்று கெஞ்சி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் யார் வீட்டில் துண்டு கிடந்ததோ எல்லோரும் கொண்டுவந்தோம், நாங்கள் சேர்த்துச் சேர்த்துக் கொடுக்க அவர் தைத்தார். நம் தெருவில் துணி தைக்கிற தையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றை நீட்டினார். அவர் வீட்டு அலமாரி ஆடாமல் இருக்க இத்தனை வருடமாகக் காலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாராம். பிரித்தால், என் நாலாவது துண்டு.

நின்றபடியே படித்தேன் கண்ணா. மகன் வரவே இல்லை. அவள் கண் மங்கிப்போய், படகில் ஏறுகிற ஒவ்வொருவர் குரலையும் கேட்டுக் கேட்டு, ஒருநாள் படகை அவிழ்க்காமலே போய்ச் சேர்கிறாள். அப்பா சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை. இப்படியா என்னை ஏமாற்றுவீர்கள் என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்தது எனக்கு. அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்தால் காலி நாற்காலி. அவர் போன அன்றுகூட வந்தவர்களைக் கவனிக்கிற மும்முரத்தில் நான் அப்படி அழவில்லை.

இதையும் சேர்த்துத் தைச்சிடட்டுமாம்மா என்று சலூன்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதல் மூன்று துண்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன், அதுதான் என்னிடம் இருக்கிறது. நாலாவது மறுபடி தையல்காரர் அலமாரிக்கு அடியிலேயே போயிற்று.

இந்த வருடமும் லீவு கிடைக்காது என்றாய், வேலையும் முக்கியம்தான், நான் குறை சொல்லவில்லை. குட்டிக்குக் கதை சொன்னால் அப்பா சொன்ன மாதிரியே சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சொன்னால் கேட்க மாட்டாய். என் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். எப்போது வந்தாலும் வாசலில் நின்று அம்மா என்று ஒரு குரல் கொடு, அது போதும்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா