லீவுக் கடிதத்தின் கடைசி வரி

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம்.

மூத்த பேரன் இன்ஜினியர் ஆனதையும், பேத்தி காலேஜில் முதலாவதாக வந்ததையும், கடைக்குட்டி ஓட்டத்தில் கப் வாங்கியதையும் இங்கே எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

இனி என் பெருமையைக் கேளுங்கள். படுக்கையில் இருக்கும் இந்த வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள என்னை இங்கே அனுப்பிய ஆபீசில், லீவு கேட்டால் இங்கிலீஷில் சொந்தக் கையால் எழுதித் தர வேண்டுமாம். பேத்தி போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசி வரிக்கு ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்றாள். ஆசையாகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தமாம்.

“உங்க பதிலுக்குன்னு முடி பாட்டி.”

“பதிலுக்கு யாருடி ஆசையா காத்திருப்பா? தாத்தாவைப் பார்க்கன்னு சொல்லு.”

“ஆபீஸ் லெட்டர்லயா?”

“இங்கிலீஷ் தப்பாயிடுமா?”

“தப்பில்ல, ஆனா…”

தப்பில்லை என்றதும் எழுதிவிட்டேன்.

ஆபீசம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். “இதை யார் சொல்லிக் குடுத்தது?”

“இங்கிலீஷ் பேத்தியோடது. ஆசை என்னோடதும்மா.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து இருபது நாள் லீவு.

அன்று மதியம் ஜன்னலோரம் போர்வை மடித்தபடி அந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் நம் பெரியவன் கல்யாணத்தில் உங்களுக்கு இருந்த கறுப்பு மீசைதான் வருகிறது. போனில் வரும் முகம் பார்த்து முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது.

பெரியம்மா கூப்பிடுகிறார். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். நரை இருக்கட்டும், மை பூச வேண்டாம்.