பொங்கலாகவே இருக்கட்டும், அக்கா

கண்டித்தபோதும் என்மேல் அன்பு குறையாத சரோஜா அக்காவுக்கு,

இக்கடிதத்தின் தலையில் தேதி இல்லாததை உடனே கவனித்திருப்பீர்கள். தேதியைப் பற்றி வாய்திறக்கவே வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஞாயிறு மாலை, வானொலிக்குத் தொண்டாற்றியவர்களுக்கு மாட்டுங்காவில் பாராட்டு விழா. மறைந்தவர்களில் முதல் பெயர் உங்களுடையது. உங்களோடு அறிவிப்பாளனாக இருந்தவன் என்பதால் எனக்கு முன்வரிசையில் இடம் தந்திருந்தார்கள்.

உங்கள் மகள் லதா கோபர்கைரனேயிலிருந்து வந்து விருதைப் பெற்றுக்கொண்டாள். "அம்மாவோட குரல் பதிவு ஒண்ணு கிடைச்சிருக்கு. பொங்கலன்னிக்கு ஒலிபரப்பானது" என்றார் விழாவை நடத்திய இளைஞர். அவள் வீட்டில் உங்கள் படங்கள் உண்டு; குரல் இல்லை. லதா மேடையிலேயே கண்களை மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் "நேயர்களுக்கு வணக்கம்" என்றீர்கள்.

நான் எழுந்துவிட்டேன், அக்கா.

"ஒரு திருத்தம். இது பொங்கல் அல்ல, தீபாவளி ஒலிபரப்பு." இளைஞர் பதறிப் பதிவை நிறுத்தினார். அன்று நாதஸ்வரம் வாசித்தவர் யார் என்பதுவரை நான் விளக்கினேன்.

"அரே, உக்காருங்க பெரியவரே! காலண்டரை வீட்ல போய்க் கிழிச்சுக்கலாம்" என்றது பின்வரிசை. அரங்கம் சிரித்தது.

"அங்கிள், டைம் ஆயிடுச்சு. சீஃப் கெஸ்ட்டுக்கு ஃப்ளைட் இருக்கு" என்று இளைஞர் அடுத்த பெயரை அழைத்துவிட்டார். பதிவு மீண்டும் ஒலிக்கவில்லை.

வாசலில் லதாவின்முன் போய் நின்றேன். "தீபாவளியாவே இருக்கட்டும் மாமா. அம்மா அப்புறம் என்ன சொன்னாள்னு கேட்டிருக்கலாமே" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் இருமலைக்கூட விழுங்குவோம். ஒருமுறை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கையில் நான் ஏதோ தேதியைத் திருத்த வாயெடுத்தேன். கண்ணாலேயே அடக்கினீர்கள். வெளியே வந்ததும், "டேய் பஞ்சாங்கம், தப்பை நாளைக்குத் திருத்திக்கலாம். நடுவில பேசினா கேக்கறவாளுக்கு ஒண்ணுமே மிஞ்சாதுடா" என்றீர்கள். நீங்கள் பேசும்போதாவது அது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா?

அந்த இளைஞரிடம் கெஞ்சிப் பதிவின் நகலை வாங்கிவிட்டேன். இன்னும் கேட்கவில்லை, முதலில் கேட்க வேண்டியவள் லதா. வரும் ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாளா?

திறந்தால், உங்கள் கடைசிச் சொல் ஒலித்து அடங்கும்வரை சிவப்பு விளக்கு எரிவதாகவே எண்ணி உட்கார்ந்திருப்பேன். அதன்பிறகு லதா பொங்கல் என்றாலும், பொங்கல்தான். இது உறுதி.

தலைகுனிந்து நிற்கும் உங்கள் தம்பி,
பஞ்சாங்கம்