மூன்று படி, பதினெட்டு அடி

2025 பெப்ரவரி 3, திங்கள்

காலையில் ஷபீகா போன் எடுத்தாள். பதினைந்து வருடம் ஒரே பாடசாலையில் ஒரே மேசையில் சோறு தின்றவர்கள் நாங்கள். அவள் சித்திர டீச்சர், நான் கணக்கு டீச்சர். இவ்வளவு தயங்கி அவள் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய சந்து ஒழுங்கைக்காரர்கள் சேர்ந்து ‘ஓவிய நடை’ என்று ஒன்று நடத்துகிறார்களாம். அங்கே குடியிருப்பவர்கள் வரைந்தவற்றை அவரவர் வாசலிலும் முற்றத்திலும் வைப்பார்கள். சனங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கலாம். ஒரே ஒரு நாள். நோன்பு தொடங்க முதல், 23ஆம் திகதி ஞாயிறு.

“நானும் ஒண்டு வரஞ்சீக்கிறேன். எங்கட முத்தத்துச் சொவருல. நீங்க வரணும்.”

பிள்ளைகளின் படங்களைத் திருத்தியே காலத்தைப் போக்கியவள். உனக்கென்று ஒன்று வரையடி என்று எத்தனை வருடம் அவளை அரித்திருப்பேன்! இப்போது வரைந்திருக்கிறாள், அதுவும் சுவரில். தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலடியில் காட்ட முடியாது. நான்தான் போக வேண்டும்.

நடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் நடப்பதை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டு வருடம். வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

பெப்ரவரி 4, செவ்வாய்

நித்திரை சரியில்லை. ஒன்றை எழுதி வைக்கிறேன், பிறகு மாறக்கூடாது.

போன வருடம் மச்சாளின் கலியாணத்தில் மண்டபப் படியில் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் சரித்ததில் சேலை விலகி, கால் வெளியே தொங்கி... எல்லாம் வீடியோவில் இருக்கிறது. “அக்கா பல்லக்கில வாறா” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்புத்தான். அதுதான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்கைத் தவிர வேறெங்கும் நான் போகவில்லை.

ஆகவே: போவதென்றால் என் சக்கரத்தில் போவேன். ஒருத்தரும் தூக்கக்கூடாது.

பெப்ரவரி 6, வியாழன்

ஏற்பாட்டைப் பார்க்கிற பிள்ளையின் பெயர் றலியா. இருபத்தைந்து வயதிருக்கும். “நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் டீச்சர், எங்கட ஆக்கள் தூக்கி வச்சிடுவாங்க” என்றாள். நான் பழைய வகுப்பறைக் குரலை எடுத்தேன். தூக்குகிற கதை வேண்டாம், அளவு சொல்லும்.

அவள் அளக்க வேண்டியதை நானே ஒரு தாளில் கோடு போட்டுப் படமெடுத்து அனுப்பினேன். வாசல் அகலம், படி எத்தனை, படியின் உயரம், திரும்ப இடமுண்டா, வடிகால் கான் மூடி உறுதியா. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளச் சரிவு. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் என் தோள் தாங்காது. நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம், சக்கரம் தள்ளுகிற கையையும் சேர்த்தால் இருபத்தொன்பது.

“எங்கட ரோட்டுல எல்லா ஊட்டுக்கும் படி ஈக்கி டீச்சர். மழத் தண்ணி உள்ள வரும் எண்டு ஒசத்தித்தான் கட்டீக்கிறாங்க” என்று கவலைப்பட்டாள்.

அதைத்தான் அளக்கச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

றலியா படம் வைக்கிற எட்டு வீட்டையும் அளந்து அனுப்பிவிட்டாள். இரண்டு வீட்டின் படி மிக உயரம். அந்தப் படங்களை வெளிச்சுவரில் மாட்டச் சம்மதித்துவிட்டார்களாம். ஆறு வீட்டில் ஒற்றைப் படி. ஷபீகா வீட்டில் ஐந்து அங்குலம், ஐந்தடிப் பலகை போதும். ஒரு வீட்டில் பழைய கதவைக் கழற்றிச் சரிவுப் பலகையாக வைத்திருக்கிறார்களாம் எனக்காக! முன்பின் தெரியாதவர்கள்.

மத்தியானம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். தம்பி கிஷாந்த் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பெப்ரவரி 12, புதன், பௌர்ணமிப் போயா விடுமுறை

மரமண்டை. நான்தான். இருபத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்த மரமண்டை.

றலியா இன்று எடுத்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். “ஒங்கட வாசல்ல எத்தன படி டீச்சர்? அதுக்கும் ஒரு பலக அனுப்பவா?”

பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன்.

மூன்று படி. எங்கள் மாடிக்குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது. லிஃப்டிலிருந்து முன்வாசல், முன்வாசலிலிருந்து மூன்று படி, பிறகுதான் வெள்ளவத்தைத் தெரு. கிளினிக் நாளில் கிஷாந்த் ஒரு பக்கமும் கட்டடக் காவலாளி, வாச்சர், மறுபக்கமும் பிடிப்பார்கள். “மிஸ், உஸ்ஸன்னத?” என்று வாச்சர் சிங்களத்தில் கேட்பார், தூக்கவா என்று. நான் தலையாட்டுவேன். இரண்டு வருடமாக. அதைத் தூக்கல் என்று நான் எண்ணவே இல்லையே! கொட்டாஞ்சேனையில் இருக்கிற வாசலையெல்லாம் அங்குலக் கணக்கில் அளக்க வைத்துவிட்டு, என்ர வாசலை விட்டிட்டன்.

பின்னேரம் கிஷாந்தைக் கீழே அனுப்பி அளக்க வைத்தேன். படிக்கு ஆறு அங்குலம். மூன்றுக்கும் பதினெட்டு. ஆகவே பதினெட்டு அடிச் சரிவு. வாசலோடு ஒட்டி அவ்வளவு நீளம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது, சாம்பல் உறை போட்டு.

நாகேந்திரம் அங்கிளின் கார். குடியிருப்பு நிர்வாகக் குழுத் தலைவர்.

பெப்ரவரி 14, வெள்ளி

வாசலில் சரிவு கட்டக் கேட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அங்கிளே மேலே வந்தார். பிளேன் டீ குடித்தார். நல்ல மனிசர், அதுதான் கரைச்சல்.

“ஏன் பிள்ளை இதுக்கெல்லாம் கடிதம்? நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம், தூக்கிவிட மாட்டமே?”

“தூக்க வேண்டாமெண்டுதான் அங்கிள் எழுதினனான்.”

“சரி, கூட்டத்தில கதைப்பம்.”

23ஆம் திகதி ஒரு நாளைக்கு மட்டும் காரை நகர்த்த முடியுமா, நீளப் பலகை ஒன்று எடுப்போம் என்று கேட்டேன். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, “அது இப்ப ஸ்டார்ட் வராது” என்றார். தள்ளலாமே என்றேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பெப்ரவரி 19, புதன்

கூட்டம் முடிந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு ‘பரிசீலிப்பார்களாம்’.

கொட்டாஞ்சேனையில் கதவைக் கழற்றுகிறார்கள். இங்கே பரிசீலிக்கிறார்கள்.

பெப்ரவரி 21, வெள்ளி

போகவா? விடவா? எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான், யாரும் தூக்கக்கூடாது. அப்படியென்றால் ஷபீகாவின் சுவர் இல்லை. அவளுக்கு என்ன சொல்ல? உன் வீட்டுக்குள் வர முடியும், என் வீட்டுக்கு வெளியே வர முடியாது என்றா?

மூன்று தரம் போனை எடுத்து வைத்தேன். கடைசியில் கிஷாந்த் சொன்னான். “அக்கா, எங்கட வாசல்ல மட்டும் நானும் வாச்சரும். வேற ஒருத்தரும் தொடாயினம். இது தோல்வியெண்டா அது உங்கட தோல்வியில்ல, இந்தக் கட்டடத்தின்ர தோல்வி.”

அவனுக்கு இப்படியும் கதைக்கத் தெரியுமா! போகிறேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க?

காலை எட்டரைக்கு என் சொந்த வாசலில் இருந்து தூக்கப்பட்டு இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலியிலிருந்து கிஷாந்தின் நண்பனுடைய காருக்கு நானே பலகை வைத்து நகர்ந்தேன். அது எனக்குக் கைவந்தது.

ஒழுங்கை வாயில் றலியா நின்றாள். போனில் கேட்ட குரலுக்குப் பாதி உயரம்தான் ஆள். முதல் வீடு: பலகை, ஏற்றம், உள்ளே. இரண்டாம் வீடு: கதவுப் பலகை. அதில் கைபிடி கழற்றிய ஓட்டைகூட அப்படியே இருந்தது. யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வந்த ஒருவரை றலியா ஒரு பார்வையில் நிறுத்தினாள். பிள்ளைக்கு என் வகுப்பறைப் பழக்கம் ஒட்டிவிட்டது.

மூன்றாம் வீட்டில் மாட்டிக்கொண்டோம். ஸமீமா என்ற அம்மாவின் வீடு. விருந்தாளி வருகிறாள் என்று விடிய எழும்பி வாசலையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். பலகை பளபளவென்று ஈரம். சக்கரம் வைத்ததும் வழுக்கிப் பின்னால் வந்தேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

“அல்லாவே, ஒங்களுக்காகத்தானே கழுவின!”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் வீடென்றாலும் இதைத்தான் செய்திருப்போம். விருந்தாளிக்கு முதல் மரியாதை கழுவிய வாசல்தானே. இரண்டு பேர் தூக்க முன்வந்தார்கள். “காயட்டும், எனக்கு அவசரமில்லை” என்றேன். வெயிலில் இருபது நிமிடம். பின்னால் படம் பார்க்க வந்த பன்னிரண்டு பதின்மூன்று பேரும் என்னைத் தாண்டி உள்ளே போகாமல் நின்றார்கள். யாரும் போகச் சொல்லவுமில்லை, நிற்கச் சொல்லவுமில்லை. ஸமீமா வெட்கத்தில் எல்லோருக்கும் நன்னாரி கரைத்துக் கொடுத்தார். பிறகு நான் ஏறினேன்.

ஆறாவது ஷபீகா வீடு.

சுவர் முழுக்க நீலம். ஒழுங்கையின் பெண்கள், தண்ணீர்க் குழாயடியில், உடுப்புக் கொடியடியில், வாசலில். இருபத்திரண்டு பேரை எண்ணினேன். ஸமீமாவும் இருந்தார், கையில் வாசல் கூட்டுகிற தும்புத்தடியோடு. விரல்களை ஷபீகாவுக்கு இன்னும் சரியாகப் போட வராது, அதையும் சொன்னேன். “கணக்கு டீச்சருக்கு வெரல் எண்ணாட்டி சரி வராதே” என்றாள். பிறகு நான் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வர நாலு மணி. கிஷாந்த் என்னை வாசலில் இறக்கிவிட்டு, நண்பனின் காரை ஒப்படைக்கப் போனான், வாச்சர் நிற்பார்தானே என்று. வாச்சர் இல்லை. மேல்மாடியில் தண்ணீர் மோட்டர் பழுதாம். மூன்று படிக்குக் கீழே, தெருவோரத்தில், நான்.

ஆறு வீட்டுக்குள் போய் வந்தவளுக்கு என்ர வீட்டுக்குள்ள போக ஏலாது. கோபத்தில் சக்கரத்தை ஓங்கித் தட்டினேன்.

கால் மணித்தியாலம் கழித்து நாகேந்திரம் அங்கிள் மரக்கறிப் பையோடு வந்தார். என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். எழுபத்து நாலு வயது. தனியே தூக்க முடியாதென்று அவருக்கே தெரியும். பையை வைத்துவிட்டு இரண்டாம் படியில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நேரம் பிள்ளை?”

“இண்டைக்குக் கால் மணித்தியாலம். கிளினிக் நாளில ஒரு மணித்தியாலமும் இருந்திருக்கிறன்.”

“நீ போறதைத்தான் நான் கண்டிருக்கிறன். காத்துக்கொண்டு இருக்கிறதைக் காணேல்ல.”

பிறகு காரைப் பார்த்தபடி, கேளாமலே சொன்னார். “கண் ஒப்பரேசனுக்குப் பிறகு கார் ஓடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். ரெண்டு வருசம். அங்க நிக்கிற வரைக்கும் நான் கார் ஓடுற ஆள். அதை எடுத்தா... முடிஞ்சுதுதானே.”

எனக்குக் கோபம் போய்விட்டது. போகக்கூடாதென்று பிடித்து வைத்தும் போய்விட்டது.

“அங்கிள், எனக்கும் முடிஞ்சுதெண்டுதான் நினைச்சனான். இண்டைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன்.”

அங்கிள் கிஷாந்த் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

பெப்ரவரி 24, திங்கள்

தோள் இரண்டும் நோகிறது. நல்ல நோ.

மார்ச் 11, செவ்வாய்

சாம்பல் உறையைக் கழற்றினார்கள். உள்ளே வெள்ளைக் கார், நாலு டயரிலும் காற்றில்லை. வத்தளையிலிருந்து அங்கிளின் மருமகன் இழுவை லொறி கொண்டுவந்திருந்தான். அங்கிள் கடைசியாக ஒருதரம் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். பிறகு பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன், அது அவருடைய நேரம்.

பின்னேரம் தேநீருக்குக் கூப்பிட்டேன். “குழுவுக்குச் சொல்லிப்போட்டன். அந்த ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி கணக்கை எழுதித் தா, மேசனுக்கு நான் சொல்லுறன்” என்றார்.

மார்ச் 29, சனி

சரிவுக்குச் சீமெந்து போட்டாயிற்று. பத்து நாள் காய வேண்டும். வாச்சர் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார். கழுவப் போகிறார்கள் என்று பயந்து, ‘சவர்க்காரம் வேண்டாம்’ என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஆறரைக்குக் கிஷாந்த் எழும்பி என்னைத் தேடியிருக்கிறான். அறை, குளியலறை, பால்கனி. பயந்துபோய்ப் போன் எடுத்தான்.

“அக்கா, எங்க நிக்கிறியள்?”

பெருந்தெருவான காலி வீதியில், பேக்கரி வாசலில், எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் என்றேன்.