செவ்வாழைக்கு வாங்கிய சத்தியம்

அப்பா,

இன்று காலை அம்மா உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெந்நீரில் ஊறப் போட்டாள். "மணி பாத்துக்கோ. ரெண்டு மணிக்கூர் ஆனதும் தண்ணியக் கொட்டணும்" என்றாள். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. பொட்டாசியம் இறக்கிய கிழங்கை இனி யாருக்குக் கொடுக்கப் போகிறோம்? அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிழங்கின் பச்சை வாசனை அடுக்களை முழுக்க நிற்கிறது. அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தியபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். திங்கள், புதன், வெள்ளி, நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி இயந்திரம் உங்கள் இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தந்தது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று அங்கே கொடுத்த தாள் மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நான் அதைத் தமிழில் எழுதி, கூடாததற்குச் சிவப்பு, அளவோடு என்பதற்கு மஞ்சள், ஆகலாம் என்பதற்குப் பச்சை என்று கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். லைப்ரரியில் சிறுநீரகம் பற்றிக் கிடைத்த இரண்டு புத்தகங்களையும் வாசித்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. இது இருந்தது. இதில் ஒரு எழுத்துகூடத் தப்பக்கூடாது என்று நினைத்தேன்.

அக்கா கொல்லத்துக் கல்லூரி ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த வாரம் நினைவிருக்கிறதா? வந்ததும் வராததுமாக நீங்கள்தான் திட்டம் போட்டீர்கள். "சனியும் ஞாயிறும் வீட்டுல அடுப்பு பத்த வைக்கப்பிடாது. திருவனந்தபுரம் முழுக்கத் தின்னு தீத்துருவோம்."

"நீங்க என்ன தின்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நீங்க தின்னுங்க. நான் பாக்கேன்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கவடியார் பக்கம் அக்கா தேடி வைத்திருந்த கஃபேவுக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், தொங்கும் செடிகள், காதில் விழுந்தும் விழாத பாட்டு. மெனு அட்டையை நீங்கள் செய்தித்தாள் மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டீர்கள்.

"பிரன்ச்சுன்னா என்னட்டி?"

"ப்ரேக்ஃபாஸ்டும் லஞ்சும் சேந்தது ப்பா."

"அப்போ ரெண்டு நேரம் பட்டினி கிடந்துட்டு வரணும்னு சொல்லு."

அக்கா அவகாடோ தடவிய ரொட்டி வாங்கினாள். பரிமாறுகிறவர் உங்களிடம், "சாரினு எந்தா?" என்று உங்களுக்கு வேண்டியதைக் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான், "ரெண்டு முட்டை வெள்ளைக்கரு மட்டும், உப்பு வேண்டா" என்றேன். அவர், "அத்ரே உள்ளோ?" என்றார்; அவ்வளவுதானா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார். அந்த நாளுக்கான உங்கள் தண்ணீர், அரை லிட்டர், அளந்து என் பையில் இருந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் என்னிடம் கை நீட்டினீர்கள்.

"எப்படி இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டீர்கள்.

"சோப்பத் தின்ன மாதிரி இருக்கு ப்பா."

"போட்டோ எடுத்தாச்சுல்லா? பின்ன தின்னுதான் ஆகணும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் வெளியிடத்தில் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் போளி. சூடான போளியின் மேல் பால் பாயசத்தை ஊற்றி நாங்கள் மூவரும் தின்ன, நீங்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சினிமா பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். "பிச்சுத் தின்னாத மக்களே, மடக்கித் தின்னு" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் மடக்கினேன்.

ஞாயிறு காலையில் பாளையம் சந்தையில் பலாச்சுளை. அங்கிருந்து 'சாலை' என்று ஊரே சொல்லும் பழைய கடைத்தெரு.

சாலைக்கு வர வேண்டும் என்று நீங்கள் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருடம் நின்றவர் நீங்கள். டயாலிசிஸ் தொடங்கியதும், முதுகுவலி என்று சொல்லிவிட்டு வேலையை விட்டீர்கள். அங்கே யாருக்கும் உண்மை தெரியாது. இடது கையில் ஊசி ஏற்றுவதற்காகச் சேர்த்துத் தைத்த நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக் கிடந்தது. அது தெரியாமல் இருக்க, அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பித்தான் மாட்டியிருந்தீர்கள்.

ஞாயிறு என்பதால் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. அம்மாவும் அக்காவும் அப்பளம் வாங்கப் போனார்கள். நாம் இருவரும் பழக்கடைக்குப் போனோம். தொங்கும் குலைகளுக்கு நடுவிலிருந்து அண்ணாச்சி தலையை நீட்டினார்.

"ஏ, வாங்க வாங்க! ஆளையே காணும். முதுகு எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு முதுகுல இருக்கு அண்ணாச்சி."

"இது எளைய பிள்ளையா? என்னமா வளந்துட்டா!" என்று சொல்லிக்கொண்டே குலையிலிருந்து ஒரு செவ்வாழையைப் பிய்த்து உங்கள் கையில் வைத்தார். நீங்கள் அதை முகர்ந்து பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்புறம், "ரெண்டே ரெண்டு பொதிஞ்சு தாங்க" என்றீர்கள்.

பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழம் என் தாளில் சிவப்புக் கோட்டில் முதல் வரி.

"அப்பாவுக்கு அது கூடாது" என்றேன். பள்ளியில் பேச்சுப் போட்டியில் பேசுகிற குரலில் சொன்னேன். "அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் பண்றோம். இதத் தின்னா ஹார்ட்டு நின்னு போகும்."

அண்ணாச்சியின் கை காகிதத்தோடு அப்படியே நின்றது. சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சுமட்டுத் தொழிலாளி எழுந்து வந்து, "எந்தா சேட்டா, ஞங்களோடு பறயாஞ்ஞது?" என்றார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்டது கோபம் போலவும் இருந்தது, அழுகை போலவும் இருந்தது. நீங்கள் பழத்தைக் குலைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தீர்கள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இதுதான் எங்க வீட்டு டாக்டரு."

யாரும் சிரிக்கவில்லை.

தெருமுனைக்கு வந்தும் நான் விடவில்லை. "இனிமே பழம் தொட மாட்டேன்னு என் தலையில கை வச்சுச் சொல்லுங்க."

"மக்களே, அது திங்கக்கிழம..." என்று தொடங்கினீர்கள்.

"திங்களும் கிடையாது, செவ்வாயும் கிடையாது. சொல்லுங்க."

நீங்கள் பழக்கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு என் தலையில் கை வைத்து, "சரி. தொட மாட்டேன்" என்றீர்கள். பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டீர்கள். "எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனி எதுக்கு வேர்த்துச் சாகணும்?" அம்மாவும் அக்காவும் அப்பளத்தோடு வந்தபோது நான் உங்கள் உயிரைக் காப்பாற்றிய நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன். அவர்களிடம் நீங்கள் எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பத்து வாரம் இருந்தீர்கள். ஒரு புதன்கிழமை, இயந்திரத்தில் படுத்திருக்கும்போதே உங்கள் இதயம் நின்றுவிட்டது. நான் அப்போது கெமிஸ்ட்ரி வகுப்பில் இருந்தேன்.

பதினாறாம் நாள் அம்மா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாலைக்குப் போனோம்லா, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமதான் டாக்டர்ட்ட கேட்டாரு. மெஷின் ஓடத் தொடங்குன முதல் மணிக்கூர்ல அரைப் பழம் தின்னுக்கோ, அதுல உள்ள பொட்டாசியத்தையும் மெஷினே எடுத்துரும்னு டாக்டரு சம்மதிச்சுட்டாரு. சின்னப் பிள்ள மாதிரி சந்தோசப்பட்டாரு மைனி. சாலையில செவ்வாழை வாங்கி, திங்கக்கிழம கொண்டு போகணும்னாரு. பெறகு என்னாச்சோ, வேண்டாம்னுட்டாரு. ஒரு நாள் நானே நறுக்கிட்டுப் போனேன். பக்கத்துக் கட்டில்காரருக்குக் குடுத்துட்டாரு. ஆசையே விட்டுப்போச்சு அவருக்கு. அப்பவே எங்கள விட்டுப் போக மனசு வந்துட்டு போல."

இலை என் கையில் கிழிந்துவிட்டது.

பத்து வாரம், வாரத்துக்கு மூன்று. கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை அப்பா. ஏறக்குறைய முப்பது தடவை உங்களுக்கு அந்த அரைப் பழம் கிடைத்திருக்கும். அதை ஒரு வார்த்தையில் எனக்கு விளக்கியிருக்கலாம். தாளில் மஞ்சள் கோட்டில் நானே சேர்த்து எழுதியிருப்பேன். ஏன் சொல்லவில்லை? நான் அவ்வளவு பெருமையாக நடந்ததைப் பார்த்து விட்டுவிட்டீர்களா? சாலையில் உங்களைத் தலைகுனிய வைத்தது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றா? புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் முகத்தில் இருந்ததைப் படிக்கவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பழம்கூட இல்லை. அம்மா இன்னும், நீங்கள் வாழப் பிடிக்காமல் போனீர்கள் என்றே நினைக்கிறாள். எங்களோடு இருக்கும் ஆசை உங்களுக்கு விட்டுப்போனதாக நினைத்துத்தான் அந்தக் கதவுக்குள் அழுகிறாள். அது உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அக்காவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் மனதிலிருக்கும் பாரம் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு என்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் பயம்.

எத்தனையோ நாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். 'அம்மா' என்பது வரைக்கும் வருகிறது. "என்னட்டி?" என்கிறாள். "ஒண்ணுமில்ல" என்று எழுந்து வந்துவிடுகிறேன். மீதி வாக்கியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதன்முறையாக அதை இங்கே முழுதாக எழுதிப் பார்க்கிறேன்:

அம்மா, அப்பாவுக்கு ஆசை விட்டுப்போகல்ல. நான்தான் சத்தியம் வாங்கினேன்.